பலெர்மோ மலையடிவாரத்தில் ஓர் ஆர்ட்டிசோக் தோட்டம்

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலியின் தென்முனையை ஒட்டினாற்போல் அமைந்திருக்கும் பெரிய தீவு சிசிலி. அதன் தலைநகரம் பலெர்மோ. 1980களில் இருந்தே இலங்கைத் தமிழர்கள் அங்கு சென்று குடியேறத் தொடங்கினார்கள். இன்றும் பழைய நகரப் பகுதியிலுள்ள பலாரோ சந்தைக்குள் நடந்தால் நம்மவர் பேச்சு காதில் விழும். நம் பெண்களில் பலர் அங்கே வீட்டு வேலை செய்தும் வயோதிபர்களைப் பராமரித்தும் உழைத்து, மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். போர்க்காலத்தில் அந்தப் பணத்தில் அடுப்பெரிந்த வீடுகள் எத்தனை என்பது உங்களுக்கும் தெரியும்.

என் தங்கையும் 1998 இல் அப்படிப் போனவள்தான். 2018 பெப்ரவரி தொடக்கம் ஏப்ரல் கடைசி வரை அவளுடன் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இருபது வருடங்களின் பின் நேரில் பார்த்தோம். பலெர்மோவின் தேவாலயங்களும் கடற்கரையும் அழகானவை. ஆனால் நான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புவது, நகரத்துக்கு வெளியே மொன்றியாலே என்னும் ஊருக்குப் போகும் பாதையில், மலையடிவாரத்து வீடொன்றின் பின்புறம் நான் பார்த்த தோட்டத்தைப் பற்றியே.

தங்கை பராமரிக்கும் மூதாட்டியின் வீடு அது. அவருக்கு அப்போது 84 வயது. நாங்கள் ‘அம்மா’ என்று மரியாதையாக அழைப்பது போல அங்கே ‘சின்யோரா’ என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வளவு இரண்டு பரப்பு வரும். நான்கு தேசி மரங்கள், ஓர் ஒலிவ மரம், உள்ளிப் பாத்தி, அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு பயிர். மதிலோரமாக இரண்டு வரிசையில் 22 ஆர்ட்டிசோக் செடிகள்.

முள்ளுச் செடியில் ஒரு மரக்கறி

ஆர்ட்டிசோக் நம் பக்கத்தில் காணக்கிடைக்காத மரக்கறி. தூரத்தில் பார்த்தால் யாரோ பிடுங்க மறந்த பெரிய முட்செடி போலவே இருக்கும். இலைகள் எருக்கலை இலையின் சாம்பல் நிறத்தில், பப்பாசி இலை போல ஆழமாக வெட்டுண்டு, ஒரு மீற்றர் நீளம் வரை வளைந்து நிற்கும். நடுவிலிருந்து தடித்த தண்டு எழும். அதன் நுனியில் ஒரு மொட்டு. தாமரை மொட்டின் வடிவமும் அன்னமுன்னாப் பழத்தின் செதில்களும் சேர்ந்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு மொட்டு. அதைப் பூக்கவிடாமல் வெட்டி எடுப்பதுதான் அறுவடை. அதாவது அந்த மக்கள் உண்பது விரியாத ஒரு பூவை.

சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் தானாக வளரும் ஒரு காட்டு முட்செடியிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்த பயிர். அந்தக் காட்டுச் செடியைச் சிசிலியின் வீதியோரங்களில் இன்றும் காணலாம். 9 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை சிசிலியை அரபு முஸ்லிம்கள் ஆண்டார்கள். இத்தாலிய மொழியில் இம்மரக்கறிக்கு வழங்கும் ‘கார்ச்சோஃபோ’ என்ற பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. சிசிலியின் ஊர்ப்பேச்சில் ‘காகொச்சுலா’. தங்கையின் வாயில் அந்தச் சொல் நம்மூர்ச் சொல் போலவே வந்து விழுந்தது.

குட்டி பிரித்தல்

நான் போன முதல் வாரத்தில் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த வேலை குட்டி பிரித்தல். சின்யோரா ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, தங்கை முழங்காலில் இருந்து செய்தாள். ஒரு செடியின் அடியிலிருந்து ஐந்து ஆறு குட்டிகள் கிளம்பும். எல்லாவற்றையும் விட்டால் தாய்ச்செடி களைத்து, மொட்டு சிறுத்துவிடும். ஆகவே நல்லதாக ஒன்றையோ இரண்டையோ விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். நீக்குவதில் எது நடுவதற்கு ஏற்றது என்பதைத் தங்கை எனக்குக் காட்டினாள்.

“அக்கா, இஞ்சை பாருங்கோ. வெறும் தண்டோடை வந்தால் பிழைக்காது. அடியிலை கொஞ்சம் வேரும், தாய்க்கிழங்கின்ரை ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டு வரவேணும். எங்கட வாழைக்குட்டி மாதிரித்தான்.”

உண்மையில் வாழைக்குட்டி பிரிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். ஒரு சாண் அல்லது அதற்குச் சற்றுக் கூடிய உயரத்தில், நான்கு ஐந்து இலைகளுடன் இருக்கும் குட்டியைத் தெரிகிறார்கள். மண்ணை விலக்கி, கூரிய கத்தியால் தாயோடு ஒட்டிய இடத்தில் வெட்டி, இலைகளின் மேற்பாதியை நறுக்கிவிட்டு நடுகிறார்கள். இலையைக் குறைப்பது, வேர் பிடிக்கும்வரை ஈரம் ஆவியாகிப் போவதைக் குறைப்பதற்காக. செடிக்குச் செடி ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளி. குழியில் நன்றாக மக்கிய சாணி எரு. மண் இளகியிருக்க வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

“விதை போட்டால் வராதோ?” என்று கேட்டேன். சின்யோரா சிரித்தார். விதையிலிருந்தும் வரும், ஆனால் எப்படி வரும் என்று சொல்ல முடியாது, தாயைப் போல இராது, சிலவேளை காட்டுச் செடியின் முள்ளோடு திரும்பி வரும் என்று தங்கை மொழிபெயர்த்துச் சொன்னாள். குட்டியிலிருந்து வருவதோ தாயேதான். அதே மொட்டு, அதே ருசி.

வெட்டினாலும் சாகாத வேர்

இச்செடியின் ஆண்டுக் கணக்கு நமக்குப் புதுமையானது. நம் பயிர்கள் மழையை நம்புபவை. சிசிலியில் மழை குளிர்காலத்தில். கோடை கடும் வரட்சி. அந்தக் கோடையில் ஆர்ட்டிசோக் செடி தன் இலை தண்டு எல்லாவற்றையும் காயவிட்டு, மண்ணுக்குக் கீழே தூங்கிவிடும். காய்ந்த தண்டுகளை மண்மட்டத்தோடு வெட்டிவிட்டு, ஒரு துளி தண்ணீரும் விடாமல் அப்படியே கிடக்க விடுவார்கள். பார்ப்பவருக்கு வெறும் காய்ந்த நிலம்.

பின்னர் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ தண்ணீர் பாய்ச்சுவார்கள். தண்ணீர் பட்டதும் கிழங்கிலுள்ள கண்கள் விழித்துத் தளிர்க்கும். முந்திய இனங்கள் ஒக்ரோபர், நவம்பரிலேயே மொட்டு விடும்; பிந்திய இனங்கள் வசந்தத்தில். குளிர் கொஞ்சம் வேண்டும், கடும் பனி ஆகாது. வெயில் ஏறிவிட்டால் மொட்டு நாராகி விரைவில் விரிந்துவிடும். இப்படி ஒரு நடுகை நான்கு ஐந்து வருடம் பலன் தரும். அதன்பின் குட்டிகளை எடுத்து வேறிடத்தில் புதுப்பாத்தி போட வேண்டும்.

நடுத்தண்டின் நுனி மொட்டுத்தான் முதலாவதும் பெரியதும். அதை வெட்டியதும் பக்கக் கிளைகளில் சிறிய மொட்டுகள் வரும். கடைசியாக வரும் சின்னஞ்சிறு மொட்டுகளை வினாகிரியில் அவித்து எண்ணெயில் ஊறப்போட்டுப் போத்தலில் அடைத்து வருடம் முழுவதும் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் தேசிக்காய் ஊறுகாய் போடுவது போல. அசுவினி வந்தால் சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நத்தைக்கு அடுப்புச் சாம்பல். செலவில்லாத வைத்தியம்.

வரிசைக்கு ஒன்றாக இரண்டு மொட்டுகளைச் சின்யோரா வெட்டவிடுவதில்லை. அவை விரிந்தால் நீலமும் ஊதாவும் கலந்த பூ வருமாம். தேனீக்கள் மொய்க்குமாம். ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் இதன் உறவான முட்செடியின் பூவைக் காயவைத்து, அந்தத் தண்ணீரால் பாலைத் திரைத்துப் பாற்கட்டி செய்கிறார்கள். நான் திரும்பும்வரை அந்த இரண்டும் விரியவில்லை. மே மாதத்தில் விரிந்தபோது தங்கை படம் அனுப்பினாள்.

வாழைப்பொத்தியும் முருங்கைக்காயும்

சமையலுக்கு வருவோம். வாழைப்பொத்தி சுத்தம் செய்து பழகிய கைக்கு ஆர்ட்டிசோக் கஷ்டமில்லை. வெளிச் செதில்கள் முற்றியவை. அவற்றை உரித்துக் கழிக்க வேண்டும். நுனியை வெட்டி எறிய வேண்டும். வெட்டிய இடம் உடனே கறுக்கும், கையும் கறுக்கும். அதற்காகத் தேசிக்காய் பிழிந்த தண்ணீரில் போடுகிறார்கள். நாங்கள் பொத்தியை உப்புத் தண்ணீரிலோ மோரிலோ போடுவதும் இதற்குத்தானே. முற்றிய மொட்டின் நடுவில் பஞ்சு போல மயிர் இருக்கும். தொண்டையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இளம் மொட்டில் அது இராது.

அவித்த ஆர்ட்டிசோக்கைச் சாப்பிடும் முறை முருங்கைக்காய் சாப்பிடும் முறையேதான். ஒவ்வொரு செதிலாகப் பிய்த்து, அடியிலுள்ள சதையைப் பல்லால் வழித்துவிட்டு, சக்கையைத் தட்டோரத்தில் போட வேண்டும். கடைசியில் கிடைக்கும் அடிப்பகுதிதான் எல்லாவற்றிலும் மென்மை. சந்தையிலும் தெருமுனையிலும் பெரிய பானையில் அவித்துச் சுடச்சுட விற்கிறார்கள். முச்சக்கர வண்டியில் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டு கூவி விற்பவர்களும் உண்டு.

சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கும். நெல்லிக்காய் தின்றுவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடித்த சிறு வயது நினைவு வந்தது. ஆர்ட்டிசோக்கிலுள்ள சைனரின் என்ற பொருள் நாக்கில் செய்யும் மாயம் அது. நார்ச்சத்து நிறைந்த உணவு என்பதால் மலச்சிக்கலுக்கும் நல்லது.

ஏப்ரல் 2 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை. அன்று சிசிலியில் வீட்டுக்கு வீடு வெளியில் தணல் மூட்டிச் சமைப்பார்கள். சின்யோராவின் வளவிலும் தணல் போட்டோம். மொட்டை நிலத்தில் தட்டிச் செதில்களை விரித்து, அதற்குள் நறுக்கிய உள்ளி, ஒருவகைக் கொத்தமல்லி போன்ற இலை, உப்பு, ஒலிவ எண்ணெய் இட்டு, தணலுக்குள் நேராக நட்டு வைத்தார்கள். வெளிச் செதில் கரியாகிவிடும். அதை உரித்தால் உள்ளே வெந்த மொட்டு. தங்கை இரகசியமாகக் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தூவினாள். சின்யோராவின் பேரப்பிள்ளைகள் அதைத்தான் தேடித் தின்றார்கள்.

1943

அன்று பின்னேரம் தணல் ஆறும்வரை எல்லோரும் இருந்து கதைத்தோம். நாங்கள் எந்த ஊர், ஏன் பிரிந்தோம் என்று சின்யோரா என்னிடம் கேட்டார். வலிகாமம் வடக்கில் எங்களுக்கு எட்டுப் பரப்பு வளவு, 1990 ஜூனில் எல்லோரோடும் சேர்ந்து வெளிக்கிட்டோம், அதன்பின் எட்டு இடங்களில் இருந்தோம், அம்மா 2004 இல் வாடகை வீட்டில் மோசம் போனா, வளவு 2017 இல்தான் விடுபட்டது என்று சொன்னேன். தங்கை மொழிபெயர்த்தாள். சின்யோரா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார்.

இரண்டாம் உலகப் போரில், 1943 மே 9 ஆம் திகதி நேச நாடுகளின் விமானங்கள் பலெர்மோவில் பெரும் குண்டுவீச்சு நடத்தின. ஜூலை 10 ஆம் திகதி அவர்களுடைய படைகள் சிசிலியில் இறங்கி, ஜூலை 22 ஆம் திகதி பலெர்மோவுக்குள் நுழைந்தன. பழைய நகரத்தில் அன்று இடிந்த கட்டடங்களில் சில, நான் போனபோதும் திருத்தப்படாமல் சுவர்களாகவே நின்றதைக் கண்டேன். சின்யோராவுக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பன் போருக்குப் போயிருந்தார். தாய் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உள்நாட்டு மலைக்கிராமம் ஒன்றுக்கு நடந்து போனார். மாட்டுக் கொட்டிலில் இருந்தார்களாம்.

இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தபோது வீட்டின் கூரை இல்லை. தோட்டத்தில் வாகனங்கள் ஏறி இறங்கி மண் கல்லாகியிருந்தது. ஆர்ட்டிசோக் கிழங்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாய் அதைப் பார்த்து அழவில்லையாம். மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு, இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனார். போருக்கு முன் ஒரு வருடம், குட்டி பிரித்த நேரத்தில், மிஞ்சியதை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார். அவளுடைய பாத்தி தப்பியிருந்தது. ஆறு குட்டிகளோடு தாய் திரும்பி வந்தார்.

“இப்ப நிக்கிற 22 உம் அந்த ஆறின்ரை பிள்ளையள்தானாம்” என்றாள் தங்கை. நான்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து நட்டு, 75 வருடங்களாக அதே செடி.

பிறகு சின்யோரா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். தங்கை உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

“அம்மாவின்ரை செடியள் இப்ப ஆரிட்டை இருக்குது எண்டு கேக்கிறா.”

விற்பதா, நடுவதா?

இந்தக் கேள்வி எங்கள் இருவரையும் தைத்ததற்குக் காரணம் உண்டு. நான் சிசிலிக்குப் போனது தங்கையைப் பார்க்க மட்டுமல்ல. அம்மாவின் சீதன வளவு எங்கள் இருவருக்கும் நாலு நாலு பரப்பாக வந்தது. விடுபட்ட நாளிலிருந்து தங்கை தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: “வித்துப் போடுவம் அக்கா.” அவளிலும் பிழை சொல்ல முடியாது. அங்கே வாடகை, மகனுடைய பல்கலைக்கழகப் படிப்பு. ஊரில் காணி விலை ஏறிக்கொண்டு போகிறது. “நாங்கள் ரெண்டு பேரும் கிழவியளாகப் போறம். பற்றை மண்டின வளவை ஆருக்கெண்டு வைச்சிருக்கிறது?” என்று கேட்டாள். எனக்கோ வாடகை வீட்டில் இருந்து களைத்துவிட்டது. ஆனால் தங்கையின் பாதியை வாங்க என்னிடம் காசில்லை. அவளுடைய பாதி விற்றால் கிணறும் போய்விடும். கிணறு அவளுடைய பக்கத்தில்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது வளவில் இருந்தது அந்தக் கிணறும், வீட்டு அத்திவாரமும், எல்லைப் பூவரசில் இரண்டும் மட்டுந்தான். அம்மா நட்ட வாழை, தேசி, மாதுளை ஒன்றுமில்லை.

ஏப்ரல் 25 ஆம் திகதி தங்கைக்கு விடுமுறை. 1945 இல் பாசிச ஆட்சியிலிருந்தும் ஜேர்மன் படைகளிடமிருந்தும் இத்தாலி விடுபட்டதை நினைவுகூரும் நாள் அது. அதே நாளில் பலெர்மோவுக்குக் கிழக்கே செர்தா என்ற சிற்றூரில் ஆர்ட்டிசோக் திருவிழா நடக்கும். தங்கையின் நண்பி ஒருத்தி தன் காரில் எங்களைக் கூட்டிப்போனாள். செர்தாவின் சதுக்கத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக ஓர் ஆர்ட்டிசோக் சிலை நிற்கிறது. தலைவர்களுக்கும் வீரர்களுக்கும் சிலை வைத்த ஊர்கள் பார்த்திருக்கிறேன். தங்களுக்குச் சோறு போட்ட மரக்கறிக்குச் சிலை வைத்த ஊரை அன்றுதான் பார்த்தேன். ஊரைச் சுற்றிச் சாம்பல் பச்சையாக வயல்கள். தெருவெங்கும் பொரித்தது, அவித்தது, சுட்டது என்று விற்றார்கள்.

சிலைக்குக் கீழிருந்த படியில் இருவரும் பொரித்த ஆர்ட்டிசோக் தின்றுகொண்டிருந்தோம். தங்கை திடீரென்று, “அச்சுவேலிச் சின்னம்மா வீட்டிலை கிணத்தடியிலை நிண்ட வாழை, அம்மா குடுத்ததல்லோ?” என்றாள்.

எனக்கும் நினைவு வந்தது. கப்பல் வாழை. எண்பதுகளின் நடுவில் அம்மா சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்த குட்டிகள். 1995 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது சின்னம்மாவும் வெளிக்கிட்டு, அடுத்த வருடம் திரும்பி வந்தா. வாழை நின்றதா என்று ஒருநாளும் நாங்கள் கேட்டதில்லை.

“இருந்தால் நடுங்கோ அக்கா. ஒரு பாத்தி அஞ்சு வருஷம் பலன் குடுக்குமெண்டு சின்யோரா சொல்றவ. அஞ்சு வருஷம் பாப்பம். அதுக்குப் பிறகு என்ரை பாதியைப் பற்றிக் கதைப்பம்” என்றாள். விற்கமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ஐந்து வருடம் என்றுதான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

ஊருக்குக் கொண்டுவந்தது

ஆர்ட்டிசோக் குட்டி எதையும் நான் ஊருக்குக் கொண்டுவரவில்லை. உரிய அனுமதிப் பத்திரமில்லாமல் வெளிநாட்டிலிருந்து செடி, வேர், மண் எதுவும் கொண்டுவரக் கூடாது. நோயும் பூச்சியும் கூடவே வந்துவிடும். கொண்டுவந்தாலும் யாழ்ப்பாண வெயிலில் அது நல்ல மொட்டு விடாது. அதற்குக் குளிர் வேண்டும். நம் நாட்டில் அதற்குச் சற்றேனும் ஒத்த காலநிலை என்றால் நுவரெலியாப் பக்கந்தான்.

அச்சுவேலிக்குப் போனேன். சின்னம்மா இல்லை, அவவின் மகள் இருக்கிறா. கிணற்றடியில் வாழை நின்றது. எண்பதுகளில் நட்ட மரமல்ல. அதன் குட்டியின் குட்டியின் குட்டி. “பெரியம்மா தந்த வாழை எண்டுதான் அம்மா சொல்றவ” என்று அவளே சொன்னாள். 2018 ஒக்ரோபரில், மழை தொடங்கும் முன், ஒன்பது குட்டிகள் எடுத்து வந்தேன். ஏழு பிழைத்தன.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, 2022 இல் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளும் உணவும் தட்டுப்பட்டபோது, சாணியும் பூவரசங் குழையும் போட்டு வளர்ந்த அந்த வாழைகள் எங்களைக் கைவிடவில்லை. குலை விற்றேன், பொத்தி கறிக்கு. இப்போது வளவில் இரண்டு அறை வீடொன்றும் இருக்கிறது. சின்யோரா 2020 இல் காலமானார். அந்த 22 செடிகளில் பத்துக் குட்டிகளைத் தங்கை தன் வீட்டு மாடியில் பெரிய தொட்டிகளில் வைத்திருக்கிறாள். ஐந்து வருடம் 2023 இல் முடிந்தது. அவளது நாலு பரப்பைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. அதற்காக நாங்கள் சண்டை பிடிக்கவுமில்லை. அந்தப் பாதியில் இப்போது மரவள்ளி நிற்கிறது.

சகோதரிகளே, குட்டியாலும் தடியாலும் பெருகும் செடிகள் நம்மிடம் நிறைய உண்டு. வாழை, முருங்கை, மரவள்ளி, வற்றாளை, கரும்பு, அகத்தி வேலிக்குள் நிற்கும் பொன்னாங்காணி வரை. அவற்றைப் பிரிக்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, வாழையில் ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள குட்டியையே தெரியுங்கள். அகன்ற இலையோடு வரும் குட்டி பலமில்லாதது. கிழங்கோடு வெட்டி எடுங்கள். ஒன்றரை முழ ஆழ அகலக் குழியில் மக்கிய எரு இட்டு நடுங்கள். தாயடியில் அடுத்த குலைக்கு ஒரு குட்டி மட்டும் நிற்கட்டும்.

இரண்டு, நோயுள்ள மரத்திலிருந்து குட்டி எடுக்க வேண்டாம். இலை சுருங்கி மேல்நோக்கிக் கொத்தாக நிற்கும் வாழையின் குட்டிக்கும் அந்த நோய் இருக்கும். அப்படிப்பட்டதைக் கிழங்கோடு அழித்துவிடுங்கள்.

மூன்று, மிஞ்சிய குட்டியை எறியாமல் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்கு மட்டுமல்ல, வேறு ஊரிலிருக்கும் ஒருவருக்கும் ஒன்று போகட்டும். நமது ஊர் ஒருமுறை வெறுமையானால் மற்ற ஊரில் அது இருக்கும். யாருக்கு, எப்போது, என்ன கொடுத்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என் கொப்பியில் இன்றுவரை 31 பெயர்கள் இருக்கின்றன. கொப்பியின் ஒரு பிரதி தங்கையிடம் பலெர்மோவில் இருக்கிறது.